கீழ் மாடியில் ஓர் அஞ்சாம் ரூம்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். இதை முதல்லயே சொல்லிடறேன். பின்னாடி நடக்கப்போறதைக் கேட்டுட்டு யாராவது என்னைத் தங்கமான மனசுக்காரின்னு நினைச்சுட்டா, என் வீட்டுக்காரர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பார்.

நான் பிஎச்டி பண்ணிட்டிருந்தவ. முடிச்சவ இல்ல, பண்ணிட்டிருந்தவ. நாலு வருஷம். மனுஷனோட இதய வால்வுல ஏன் சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு கெட்டியாகுதுங்கிறதுதான் எங்க ஆராய்ச்சி. ஆபரேஷன் தியேட்டர்ல கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்ததும், அதை ஒரு ஐஸ் பெட்டியில வாங்கிக்கிட்டு எங்க லேபுக்கு ஓடி வரணும். அந்த ஓட்டம் என் பங்கு. லேப்ல எனக்குப் பேரே ஐஸ்பெட்டி.

தியேட்டர் வாசல்ல பெஞ்சு போட்டிருப்பாங்க. உள்ளே படுத்திருக்கிறவரோட ஆளுங்க அதுல உட்கார்ந்திருப்பாங்க. கதவு திறந்ததும் முதல்ல வெளியே வர்ற வெள்ளைக் கோட்டு நான்தான். அத்தனை பேரும் சடார்னு எழுந்திருப்பாங்க. "டாக்டர், எப்படி இருக்காரு?" "நான் டாக்டர் இல்லீங்க. பெட்டி எடுத்துட்டுப் போக வந்தவ." அப்படியே உட்கார்ந்துடுவாங்க. அவங்க வீட்டு மனுஷனோட இதயத்துல ஒரு துண்டு என் கையில இருக்கு, அவங்ககிட்டச் சொல்ல ஒரு வார்த்தை என்கிட்ட இல்ல. பெட்டி மேல ஒரு நம்பர் இருக்கும். அந்த ஆளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

ஒருநாள் ஓட முடியல. ஒரு வயசான மனுஷர், "சரிம்மா, டாக்டர் இல்லேன்னா பரவாயில்ல, உள்ளே பார்த்தியா, அவளைப் போர்த்தி விட்டிருக்காங்களா, குளிர் தாங்க மாட்டா"ன்னு கேட்டார். நான் அங்கேயே நின்னுட்டேன். எவ்வளவு நேரம் நின்னேனோ, ஐஸ் உருகி வால்வு வீணாப் போச்சு. என் கைடு திட்டின திட்டுல லேப் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு. நியாயமான திட்டுதான். அடுத்த வாரமே அவங்க ரூமுக்குப் போயி, "மேடம், நான் இதை விட்டுடறேன். டாக்டருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்"னேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்புறம், "போறதுன்னா ஒழுங்காப் போ. ஃப்ரீசர்ல உன் டப்பாவுக்கெல்லாம் லேபிள் மாத்தி ஒட்டிட்டுப் போ. உனக்கு அப்புறம் வர்றவ உன்னைச் சபிக்கக் கூடாது"ன்னாங்க. விரல் மரத்துப் போற வரைக்கும் ஒட்டினேன். ஒட்டி முடிச்சதும், நான் கேக்காமலே சிபாரிசு எழுதித் தந்தாங்க. அந்த அம்மாவுக்கு நான் செஞ்சதுக்கு அவங்க அதை எழுதியிருக்கவே வேண்டாம். நல்லா இருக்கட்டும்.

சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா? "உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா"ன்னு என் அண்ணன் ஆரம்பிச்சான். சித்தி ஒரு படி மேல போயி, "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா இல்ல இருக்கு!"ன்னா. "புருஷனை நான் ஒண்ணும் கைவிடல சித்தி, இதோ பக்கத்துலதான் நிக்கறாரு"ன்னேன். என் வீட்டுக்காரர் பேக்கரியில மாவு பிசையற வேலை பார்க்கிறவர். மாவு ஒட்டின கையைத் தூக்கி, "ஆமா சித்தி, இங்கதான் நிக்கறேன்"னார். அந்த மனுஷனை எனக்குக் கட்டி வெச்சவங்களுக்கு நான் கோயில்தான் கட்டணும்.

டிகிரி முடிச்சவங்களை எடுத்து டாக்டராக்கற காலேஜ், எங்களுக்கு எட்டற தூரத்துல ஒண்ணே ஒண்ணு. அங்கே ஒருத்தர் ரெண்டு தடவைதான் கேக்கலாம். மூணாவது தடவை கிடையாது. பரீட்சையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இன்டர்வியூதான் வினை. ஒரு நடையில வரிசையா எட்டு ரூம் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு வேலை. மணி அடிச்சா உள்ளே போகணும், மறுபடி அடிச்சா வெளியே வரணும். சில ரூம்ல கேள்வி கேப்பாங்க. சில ரூம்ல ஒரு நடிகரை நோயாளியாவோ நோயாளியோட சொந்தமாவோ உட்கார வெச்சிருப்பாங்க. நாம எப்படிப் பேசறோம்னு மூலையில ஒரு டாக்டர் உட்கார்ந்து மார்க் போடுவார்.

முதல் தடவை போனப்போ, ஒரு நடிகை கண்ணுல தண்ணியோட "எங்கப்பா பிழைப்பாரா?"ன்னு கேட்டா. நான் என்ன பண்ணேன்? நூத்துக்கு எத்தனை பேர் பிழைப்பாங்க, எந்த வயசுல எவ்வளவு, எந்த ஆய்வு என்ன சொல்லுதுன்னு மூச்சு விடாம சொன்னேன். ஆராய்ச்சிக்காரி புத்தி எங்கே போகும்? அவ அழுகையை நிறுத்திட்டு என்னை வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்த்தா. நல்லாப் புரிய வெச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். அந்த ரூமுக்கு மட்டும் ஒத்தை இலக்கத்துல மார்க். சீட்டு போச்சு.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் போச்சுன்னா நான் பிஎச்டியும் இல்லாம டாக்டரும் இல்லாம முப்பத்திரெண்டு வயசுல முதல்ல இருந்து வேலை தேடணும்.

அந்த வருஷம் பூரா எங்க வீட்டுல நாடகம்தான். என் மாமியார் டெலிபோன் எக்சேஞ்சுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க. வாழ்க்கை பூரா குரலாலேயே பிழைச்ச ஆளு. "நான் பண்றேன் நோயாளி"ன்னு கொடியைத் தூக்கிட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது, அத்தை அழ ஆரம்பிச்சா பக்கத்து வீட்டுல விளக்கு எரியும். நெஞ்சு வலி வந்தவளா ஒரு நாள், கால் போனவளா ஒரு நாள், புருஷனைப் பறிகொடுத்தவளா வாரத்துக்கு ரெண்டு நாள். மாமனார் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "என்னை இன்னும் எத்தனை தடவைடி சாகடிப்பே?"ன்னு கேப்பார்.

நான் பழக்க தோஷத்துல விளக்கம் சொல்ல ஆரம்பிப்பேன். "ஏம்மா, நான் இங்க மாரடிச்சுக்கிட்டு இருக்கேன், நீ பாடம் நடத்தறியே?"ன்னு அத்தை கத்துவாங்க. "நீங்க அழுகையை நிறுத்தினாத்தானே அத்தை நான் பேச முடியும்!"னு நானும் கத்துவேன். மூலையில மார்க் போட உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர், "கேண்டிடேட் நோயாளியோட சண்டைக்குப் போறார், முட்டை"ன்னு அறிவிப்பார். எத்தனை நாள் இப்படிப் போச்சோ. பொழுது விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாவு பிசைஞ்சுட்டு வந்த மனுஷன், கண்ணு சொருகச் சொருக எனக்கு மார்க் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில ஒண்ணே ஒண்ணு கத்துக்கிட்டேன், வாயை மூடிக்கிட்டு உட்கார்றது. எனக்கு அதைவிடக் கஷ்டமான படிப்பு இந்த உலகத்துல இல்ல.

அப்படி அந்த நாளும் வந்துச்சு.

இந்தத் தடவை இன்டர்வியூவை காலேஜோட சேர்ந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துல வெச்சிருந்தாங்க. மேல் மாடியை மட்டும் எங்களுக்காகக் காலி பண்ணியிருந்தாங்க, கதவுல ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் நம்பர் இருந்துச்சு. மணி அடிக்கிறதுக்குன்னு காலேஜ் ஆபீஸ்ல இருந்து ஒரு பெரியவர். பித்தளைக் கைமணி, இஸ்திரி போட்ட சட்டை, சிரிப்புன்னா என்ன விலைன்னு கேக்கற முகம். நாங்க அவருக்கு வெச்ச பேர் மணிக்காரர். "மணி அடிச்சு உள்ளே போகலேன்னா அந்த ரூம் போச்சு. யாரா இருந்தாலும் சரி. என்கிட்ட வந்து அழக் கூடாது"ன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டார்.

நாலு ரூம் நல்லாவே போச்சு. அஞ்சாவதுக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவேளை. கையில ஒரு சீட்டைக் கொடுத்தாங்க. "அஞ்சாம் அறையில் இருப்பவருக்குச் சற்றுமுன் ஒரு கவலையான செய்தி சொல்லப்பட்டிருக்கிறது. அவரோடு பேசவும்." போன வருஷம் என்னைக் கவுத்தது இதே வேலைதானே. பாத்ரூமுக்குப் போனா, துடைச்சு விட்டிருக்காங்க, ஈரம், உள்ளே விட மாட்டேங்கிறாங்க. கீழ் மாடிக்குப் போங்கன்னாங்க. படியிறங்கி ஓடினேன். முகத்தைக் கழுவிட்டு வெளியே வந்தா மேலே மணிச் சத்தம்.

அந்தப் பதட்டத்துல நான் மாடி ஏற மறந்துட்டேன். மறந்தேன்னு கூடச் சொல்ல முடியாது. அதே நடை, அதே பச்சைக் கதவு, அதே நம்பர். அஞ்சாம் நம்பர் கதவு பாதி திறந்து கிடக்கு. உள்ளே ஒரு அம்மா அழுதுக்கிட்டு இருக்காங்க. வேற என்ன நினைப்பேன்? உள்ளே போயிட்டேன்.

மார்க் போடற டாக்டரைக் காணோம். மேலே அண்ணாந்து பார்த்தா கூரையில வட்டமா ஒண்ணு, நடுவுல சிவப்பா மினுக்குது. ஓகோ, இந்த வருஷம் கேமரா போலன்னு நினைச்சுக்கிட்டேன். அது புகை வந்தா அலறுற கருவின்னு எனக்கு அப்போ தோணலையே!

அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். அவங்களைப் பார்த்ததும் அசந்துட்டேன். ஒரு கால்ல கறுப்புச் செருப்பு, இன்னொண்ணுல பழுப்பு. அவசரத்துல வீட்டை விட்டு ஓடி வந்தவளாம்! மடியில ஒரு பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள ஒரு ஆம்பளை மூக்குக்கண்ணாடியும் கடிகாரமும். சிந்திச் சிந்தி மூக்கே சிவந்து போயிருக்கு. எங்க அத்தை இதுகிட்ட நிக்க முடியாது, இந்த வருஷம் நல்ல ஆளாப் பிடிச்சிருக்காங்கன்னு மனசுக்குள்ளயே ஒரு சபாஷ் போட்டேன்.

"வணக்கம்மா. நான் பக்கத்துல உட்காரலாமா?"

தலையாட்டினாங்க. நாற்காலியை நேரா எதிர்ல போடாம, கொஞ்சம் சாய்வாப் போட்டு உட்கார்ந்தேன். அத்தையோட பழகினது. டிஷ்யூ டப்பாவை அவங்க கைக்கு எட்டற மாதிரி நகர்த்தி வெச்சேன். அப்புறம் கேட்டாங்க, அதே கேள்வி.

"அவர் பிழைப்பாராம்மா?"

போன வருஷம் விழுந்த அதே குழி. நான் விழல. "எனக்குத் தெரியலைம்மா"ன்னேன். "தெரியாம சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா நான் இங்கேதான் இருக்கேன்." சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன்.

அப்புறம் அவங்களா ஆரம்பிச்சாங்க. ஜன்னல் திரை கழண்டு எத்தனையோ நாளாத் தொங்குதாம். மாட்டுங்க மாட்டுங்கன்னு இவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். இன்னைக்குக் காலையில ஏணியில ஏறினவர், பாதியில இறங்கி, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உட்கார்ந்துட்டாராம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?" அந்தப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க. "சும்மா நடிக்காதீங்க, வேலை செய்யச் சொன்னா போதும், உங்களுக்கு எங்கேயாவது வலிக்க ஆரம்பிச்சுடும்னு சொன்னேன். சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா அவர் சாய்ஞ்சு கிடக்கறார். நடிக்கறார்னு நினைச்சேனே! முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன், உண்மையா வலிக்குதா நடிக்கறாரான்னு கூடத் தெரியலையே எனக்கு!"

என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கை சில்லுனு இருந்துச்சு. அப்போதான் எனக்கு எங்கேயோ உறுத்திச்சு. நடிக்கிறவங்களுக்குக் கை இப்படியா ஜில்லுனு இருக்கும்?

அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் உள்ளே வந்தாங்க. "அம்மா, தியேட்டர் தயாராகுது. கொண்டு போறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிடறேன், பார்த்துட்டு வரலாம்"னு சொல்லிட்டு என்னைப் பார்த்தாங்க. "நீங்க இவங்க பொண்ணா?"

"இல்ல, நான் கேண்டிடேட்..."

"என்ன டேட்?"

எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துப் போச்சு. "இது எத்தனாவது மாடி?"ன்னேன். நர்ஸ் சொன்னாங்க. அதே நேரம் மேலே மணி அடிச்சுது. அஞ்சாம் ரூம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். என்னோட அஞ்சாம் ரூம் என் தலைக்கு மேல, நான் இல்லாமலே முடிஞ்சு போச்சு.

நர்ஸ் போயிட்டாங்க. அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. பொய் சொல்லிட்டு எழுந்து ஓடியிருக்கலாம். ஆனா அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரல.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. நான் டாக்டரும் இல்ல, ஆஸ்பத்திரி ஆளும் இல்ல. மேல் மாடியில டாக்டர் படிப்புக்கு இன்டர்வியூ நடக்குது. அங்கே நடிகர்களை நோயாளியா உட்கார வெச்சிருப்பாங்க. ரூம் மாறி வந்துட்டேன். நான்... நீங்க நடிக்கிறீங்கன்னு நினைச்சுட்டேன்."

அடிக்கப் போறாங்கன்னுதான் நினைச்சேன். அடிச்சிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேன்.

அவங்க என்னையே பார்த்தாங்க. "நடிக்கறேன்னா நினைச்சே?"

"ஆமாம்மா."

"இவ்வளவு அழுதும்?"

"ரொம்ப நல்லா நடிக்கறீங்கன்னு நினைச்சேன்."

அவங்க வாய் ஒரு மாதிரி கோணிச்சு. அழப் போறாங்கன்னு நினைச்சா, சிரிப்பு. அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்து, புரை ஏறி, நான் முதுகைத் தட்ட வேண்டியதாப் போச்சு. "டாக்டருக்குப் படிக்கப் போறவ. பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தும் உனக்கே தெரியலையே"ன்னாங்க.

"தெரியலைம்மா."

"அப்போ எனக்குத் தெரியாமப் போனதுல என்ன அதிசயம்"ன்னாங்க. அதை என்கிட்டச் சொல்லல, அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்துச் சொன்னாங்க. அப்புறம் நீளமா ஒரு மூச்சு விட்டாங்க. காலையில இருந்து அடைச்சுக்கிட்டிருந்த ஏதோ ஒண்ணு வெளியே போன மாதிரி இருந்துச்சு.

இங்கேதான் என்னை நல்லவளா நினைச்சுடாதீங்கன்னு சொல்றேன். நான் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். ஆறாம் ரூம் மணி அடிக்கறதுக்குள்ள மேலே ஓடணும்னு கால் துடிச்சுது. அந்தம்மா கை விடல. தங்கச்சி வந்துக்கிட்டிருக்கா, பஸ்ல இருக்கா, தனியா இருக்க பயமா இருக்குன்னாங்க. சரின்னு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துல அவங்களே கையை எடுத்துட்டு, "உனக்கு நேரமாச்சு, போடா கண்ணு. நான் பார்த்துக்கறேன். நல்லா எழுதிட்டு வா"ன்னாங்க. அவங்களுக்கு அது எழுதற பரீட்சை. ஓடினேன்.

மணிக்காரர் ஆறாம் ரூம் வாசல்ல எமன் மாதிரி நிக்கறார். "எங்கே போய்த் தொலைஞ்சீங்க?" சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னேன். "கதை எல்லாம் வேண்டாம். அஞ்சாம் ரூம் போச்சு. ஆறுக்குப் போங்க"ன்னு மணியை அடிச்சார்.

ஆறு, ஏழு, எட்டு, என்ன கேட்டாங்க, என்ன சொன்னேன், ஒண்ணும் நினைவில்ல. முடிஞ்சதும் வெளியே வந்து, பஸ் ஸ்டாப்புல நின்னு வீட்டுக்காரருக்குப் போன் பண்ணேன். "போச்சுங்க. எல்லாம் போச்சு. உங்க தூக்கமும் அத்தையோட தொண்டையும் வீண்"னு அழுதேன். ரோடுல போறவங்கல்லாம் பார்க்கறாங்க. பார்க்கட்டும்னு அழுதேன்.

"சரி, அந்தம்மா தங்கச்சி வந்துட்டாளா?"ன்னு கேட்டார்.

"யாருக்குத் தெரியும்! நான் என் வாழ்க்கை போச்சுன்னு அழறேன், நீங்க..."

"ஏம்மா! இந்தாம்மா! ஐஸ்பெட்டி!"

திரும்பிப் பார்த்தா மணிக்காரர். இஸ்திரி போட்ட சட்டை வேர்வையில நனைஞ்சு, கையில மணியோட, மூச்சிரைக்க ஓடி வர்றார். ரெண்டாம் ரூம்ல நான் சொன்ன ஐஸ்பெட்டிக் கதையைக் கதவுக்கு வெளியே நின்னு கேட்டிருக்கார் மனுஷன். "வா. அஞ்சாம் ரூமை இன்னும் பூட்டல. சீக்கிரம்."

"போனா போச்சுன்னு சொன்னீங்களே?"

"பேசிக்கிட்டு நிக்காதே, வா!"

மேலே போனா, அஞ்சாம் ரூம் நடிகர் சட்டை மாத்திட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு ரொட்டியைக் கடிச்சுக்கிட்டு நிக்கறார். மார்க் போடற டாக்டரம்மா கையில கார் சாவி. என்னைப் பார்த்ததும் சாவி கைப்பைக்குள்ள போச்சு, ரொட்டி தாளுக்குள்ள போச்சு. அந்த நடிகர் நாற்காலியில உட்கார்ந்து, தலையைக் குனிஞ்சு, ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். நிமிர்ந்தப்போ அழுதுக்கிட்டிருந்தார். காலையில இருந்து வர்ற எல்லாக் கேண்டிடேட்டுக்கும் அழுத மனுஷன். எனக்காக இன்னொரு தடவை, புதுசா, முதல்ல இருந்து அழுதார்.

நான் நாற்காலியைச் சாய்வாப் போட்டு உட்கார்ந்தேன். அத்தை சொல்லிக் கொடுத்ததுல வேற ஒண்ணும் ஞாபகம் வரல. கீழ் மாடிக் கை மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. அவர் பேசினார், நான் கேட்டேன். நடிப்பா நிஜமான்னு நான் யோசிக்கவே இல்ல. மணி அடிச்சதும் அவர் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "போதுமா தங்கச்சி, இன்னும் கொஞ்சம் அழணுமா?"ன்னு கேட்டுட்டு, பாதி ரொட்டியை எடுத்துக் கடிச்சார். டாக்டரம்மாவே சிரிச்சுட்டாங்க.

போறப்போ கீழ் மாடியில எட்டிப் பார்த்தேன். அந்த ரூம் காலி. தியேட்டர் பக்கம் விடல.

மார்க் வர்ற வரைக்கும் வீட்டுல யாரும் அந்தப் பேச்சையே எடுக்கல. வந்த அன்னைக்கு அத்தைதான் முதல்ல கத்தினாங்க. சீட்டு கிடைச்சுடுச்சு! அஞ்சாம் ரூம்லதான் இருக்கறதுலயே அதிக மார்க். "யார் சொல்லிக் கொடுத்தது? யாரோட நடிப்பு?"ன்னு அத்தை நெஞ்சைத் தட்டிக்கிட்டாங்க. மாமனார், "இனிமேலாவது என்னைக் கொஞ்சம் உயிரோட விடு"ன்னார். என் வீட்டுக்காரர்? மேஜை மேல தலையை வெச்சு அன்னைக்குச் சாயங்காலமே தூங்கிப் போனார். ஒரு வருஷத் தூக்கம். எழுப்ப மனசு வராம பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்.

சேர்ற அன்னைக்கு, என் வீட்டுக்காரர் தன் கையால சுட்ட கேக் ஒண்ணை எடுத்துக்கிட்டு நேரா மணிக்காரர் மேஜைக்குத்தான் போனேன். "உங்களாலதான் சார் நான் இங்க நிக்கறேன். நீங்க மட்டும் மனசு இரங்கலேன்னா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நிறுத்து"ன்னார். பேனாவைக் கீழே வெச்சார். "எனக்கு எதுக்கு கேக்? நான் ஒண்ணும் மனசு இரங்கல. நீ கதை விடறேன்னுதான் நினைச்சேன். ஒவ்வொரு வருஷமும் ஒருத்தர் வந்து ஏதாவது கதை சொல்வாங்க."

"அப்புறம் எப்படி சார்?"

"நீ வெளியே போன கொஞ்ச நேரத்துல கீழ் மாடியில இருந்து ஒரு அம்மா ஏறி வந்தாங்க. மூச்சு வாங்குது, பேச்சு வரல. இன்டர்வியூ நடத்தறது யாருன்னு கேட்டாங்க. நான்தான்னேன். 'ஒரு பொண்ணு ரூம் தெரியாம என்கிட்ட வந்துடுச்சு. தப்பு அதோடது இல்ல, நான்தான் கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேன். அதுக்கு மார்க் குறைச்சுடாதீங்க ஐயா'ன்னாங்க. விதியைச் சொன்னேன். கேட்டுக்கிட்டு நின்னாங்க. நின்ன இடத்துல இருந்து நகர மாட்டேன்னுட்டாங்க." மணிக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சார். "அப்போ கீழே இருந்து நர்ஸ் தேடிக்கிட்டு ஓடி வருது. 'அம்மா, அவரைத் தியேட்டருக்குக் கொண்டு போறாங்க, பார்க்கணும்னா இப்போ வாங்க'ன்னு. அந்தம்மா நர்ஸைப் பார்க்கல. என்னைத்தான் பார்த்தாங்க. 'அந்தப் பொண்ணைக் கூப்பிடறேன்னு சொல்லுங்க, நான் போறேன்'னாங்க. நான் என்ன செய்வேன்? நானும் மனுஷன்தானே. சொன்னேன். சொன்னதுக்கு அப்புறம்தான் ஓடினாங்க."

எதிர் நாற்காலியில உட்கார்ந்துட்டேன். பிழைப்பாரா மாட்டாரான்னு தெரியாத புருஷனை உள்ளே கொண்டு போற நேரத்துல, தான் நடிக்கறதா நினைச்ச ஒருத்திக்காக அந்தம்மா மாடி ஏறி வந்திருக்காங்க. நான் அதுவரைக்கும் வேற யார் யாருக்கோ நன்றி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

"அவங்க பேர் என்ன சார்? எங்கே இருக்காங்க? நான் போய்ப் பார்க்கணும்."

"சொல்லக் கூடாது."

"சார்!"

"நோயாளி வீட்டு விவரம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நீயும் இன்னைக்குக் கையெழுத்துப் போடறியே, அதுல முதல் விதியே அதுதான். படிச்சுட்டுப் போடு."

"சரி சார். பேர் வேண்டாம். அவர் பிழைச்சாரா, அதை மட்டும் சொல்லுங்க."

"அதையும் சொல்லக் கூடாது."

எனக்குப் பொசுக்குன்னு கோபம் வந்துச்சு. கோபத்தோட அழுகையும் வந்துச்சு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கேக் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கயிறை மெதுவா அவிழ்க்க ஆரம்பிச்சார்.

"நான் உன்கிட்ட ஒண்ணும் சொல்லல, புரியுதா? போன வாரம் செக்கப்புக்கு வந்த ஒரு புருஷனும் பொண்டாட்டியும் இந்த மேஜைக்கு முன்னாடி நின்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. அந்தாளு படியிலதான் ஏறுவேன்னு அடம். அந்தம்மா லிஃப்ட்லதான் வரணும்னு அடம். கடைசியில ரெண்டு பேரும் லிஃப்ட்லதான் போனாங்க. போறதுக்கு முன்னாடி அந்தம்மா, 'பட்டியல்ல அந்தப் பொண்ணு பேர் வந்துச்சா?'ன்னு என்னைக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்லக் கூடாதுன்னேன்"னார். "ஆனா தலையை ஆட்டினேன்."

நான் படிவத்தை இழுத்து, அந்த முதல் விதியை முழுசாப் படிச்சேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிஞ்சுது. கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.